முதல் பக்கத்திலேயே முற்றும்

நகக்கண்ணில் இருந்த மை போகவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மாரியம்மா மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இராஜமாணிக்கத்தின் வலதுகைக் கட்டைவிரலில் ஒரு கறுப்புப் பிறை அப்படியே நின்றது. விடியற்காலை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடிக்கத் தொடங்கியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவர், மணி அடித்து ஓய்வதற்குள் முடிந்துபோனார். இப்போது வெயில் லயத்துக் கூரைக்கு வந்துவிட்டது.

"வுடு மாரி. அது பதினோரு வருசத்து மை. ஒரு மணி நேரத்துல எடுத்துருவியா நீ?" என்றாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா.

"வெள்ள வேட்டி கட்டப் போறோம்லா. கறையாயிரும்."

"கைய வேட்டில தொடைக்கிற ஆளா அவரு இனிமே?"

சொன்ன பிறகுதான் ராக்கம்மாவுக்கு நாக்கு சுட்டது. மாரியம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள்.

மலாய் நாட்டுப் பகா டவுனிலிருந்து, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு ஊடே, உள்ளே ஒன்பது மைல் வரவேண்டும். பலகையில் பெர்ன்டேல் எஸ்டேட் என்று இருக்கும். ஜனங்களுக்குப் பாலத்தடித் தோட்டம். இராஜமாணிக்கம் அங்கே ஆபீஸ் பியூன். துரைக்குக் கோப்பி கொண்டுபோவது, தபால் எடுத்துவருவது, சைக்ளோஸ்டைல் மெஷினுக்கு மை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றுவது. மெஷின் இருந்தது, சுற்றுவதற்கு ஆளும் இருந்தது என்பதால் தோட்டத்தில் ஒரு பத்திரிகை பிறந்தது. 'பாலொளி' என்று பேர். மாதம் ஒன்று, நாலு பக்கம். வெளியிடுவது பாலத்தடித் தோட்டத் தமிழ் இளைஞர் நற்பணி மன்றம். மன்றத்தின் ஆக இளைய இளைஞருக்கு அந்த எழுபத்தொன்பதாம் ஆண்டில் நாற்பத்தாறு வயது. ஆசிரியர், தலைவர், காப்பாளர், சிறப்பு எழுத்தாளர் எல்லாம் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கணேசமூர்த்தி ஒருவரே. மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கீறி எழுதும் வேலை மட்டும் இராஜமாணிக்கத்துக்கு. அதற்குப் பதவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆனால் அவர் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துவைத்திருந்தார். பாலொளியில் எதுவும் முதல் பக்கத்தில் முடியாது. எல்லாம் உள்ளே போகும். உள்ளே போகிறது என்று சொல்ல அடியில் ஒரு வரி வேண்டும். மற்றப் பத்திரிகைகளில் 'தொடர்ச்சி 3ஆம் பக்கம்' என்று எறும்பு மாதிரி ஒரு வரி ஊர்ந்து போகும். அது அவருக்குப் பிடிக்காது. "கதவுன்னு எழுதி ஒட்டுனா போதுமா? கைப்பிடி வேணாமா?" என்பார். மேலே ஒரு விரல் அகலம் வெற்றிடம் விடுவார். புள்ளிக்கோடு இழுப்பார். வெறுமனே தொடர்ச்சி என்று எழுதமாட்டார். புலியின் தொடர்ச்சி, பந்தாட்டத்தின் தொடர்ச்சி என்று பேர் சொல்லித்தான் எழுதுவார். "ரெண்டு கதவு பக்கத்துல பக்கத்துல இருந்தா எது குசினி, எது கக்கூசுன்னு தெரிய வேணாமா?" அந்த வரிக்குப் பக்கத்தில், வலப்புறம் நீட்டிய ஒரு கை.

எங்கே வெட்டுவது என்பதில்தான் அவருடைய வித்தை. ஏழாம் நம்பர் மலையில் புலி வந்த செய்தியை, புதர் அசைந்தது என்பதோடு வெட்டினார். தோட்டமே தாளைத் திருப்பியது. கிராணியின் தலையங்கம்தான் கஷ்டம். அடுத்து என்ன வரும் என்று எவருக்கும் கவலை வராத எழுத்து அது. இரண்டு நாள் தேடி ஒருமுறை ஓர் இடம் கண்டுபிடித்தார். 'இத்தோட்டத்தில் என் முதுகில் குத்தியவர் ஒருவர்' என்று முதல் பக்கத்தை நிறுத்தி, கையை வரைந்தார். நூற்றறுபது வீடும் அடித்துப்பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தது. மறுபக்கத்தில் 'கூட இல்லை என்பதைப் பெருமிதத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்' என்று இருந்தது. தம் எழுத்துக்கு இப்படியொரு வரவேற்பா என்று கிராணி ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அந்தக் கை மாரியம்மாவுடையது.

தெரிந்தவர் இரண்டே பேர். அதில் ஒருவர் இப்போது பெஞ்சில் படுத்திருந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். அவள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். "கைய நீட்டு" என்றார். "கவுச்சியா இருக்குங்க." "தாள்ல கவுச்சி அடிக்காது, நீட்டு." உலையில் சோறு தீயும்வரை நீட்டிக்கொண்டிருந்தாள். பால் வெட்டும் கத்தி பட்டு, ஆட்காட்டி விரலின் முதல் கணு மேல்நோக்கி வளைந்து ஆறிப்போன கை. கொக்கி மாதிரி இருக்கும். ஆண்கள் இருக்கும் இடத்தில் அந்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வது அவள் வழக்கம். "நேரா போடுங்களேன்" என்று கெஞ்சினாள். "நேரா இருக்கிற விரல எவன் பாக்குறான்? இதான் கூப்புடற விரலு" என்றார். வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியது அவள்தான். ஒரு பொம்பளையின் கையை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினார் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்தபடியே போய்விட்டார்.

கிராணி கணேசமூர்த்தி வந்தபோது மணி ஒன்பதிருக்கும். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு கத்தைத் தாள். பிணத்தை ஒரு பார்வை பார்த்தார். தாளை விரிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அந்தப் பார்வை நீடித்தது. பின்னால் மன்றச் செயலாளர், வெட்டுக்காரர்களை மேய்க்கும் நல்லசாமி மண்டோர்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார் கிராணி, பொதுவாகக் கூரையைப் பார்த்து. பிறகு மாரியம்மாவிடம், "எல்லாம் மன்றம் பாத்துக்கும்மா. நாலு மணிக்கு எடுக்கறதுக்குள்ள ஒரு இரங்கல் இதழ் கொண்டாந்துருவோம். ரெண்டு பக்கம். நானே எழுதிட்டேன்."

"எப்பங்க எழுதுனீங்க?" என்றாள் ராக்கம்மா. "விடிஞ்சுதானே போனாரு."

"ஒரு மாதிரி தயாரா வச்சிருந்தேன்" என்றார் கிராணி. "துரைக்குன்னு. பேரு மட்டும் மாத்துனேன்."

வந்தவர்களுக்குக் கோப்பி போட ராக்கம்மா தன் வீட்டுக்குப் போனாள். வீட்டு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நின்று கிராணி படிக்கத் தொடங்கினார். இராஜமாணிக்கம் அமரரானார், அன்னாரானார், மீளாத் துயிலில் ஆழ்ந்தார். இங்கிலாந்தில் பிறந்தார் என்று ஒரு வரி வந்தது, கிராணி அதைப் பேனாவால் அடித்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "தம்பின் பக்கம்ங்க." அது எழுதப்பட்டது. கத்தையில் பாதிக்கு வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, செருமி, உயர்த்தினார்.

"அமரர் தம் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம், அடியேனின் விரலைப் பார்த்து, பாலொளியின் புகழ்பெற்ற அந்தச் சுட்டுவிரலை வரைந்ததே என்பதை இன்று முதன்முறையாகக் கண்ணீருடன் வெளியிடுகிறேன்."

மாரியம்மாவின் கையில் துணி நின்றது.

எல்லோரும் கிராணியின் விரலைப் பார்த்தார்கள். உருண்டையாக, நேராக, நவரத்தின மோதிரத்தோடு இருந்தது. பாலொளியின் கை வெறுங்கையாக, கூலிக்காரன் கை மாதிரி இருக்கிறதே என்று ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கோட்டுக் கையும் பொத்தானும் போடச் சொன்னவர் அவர்தான். இராஜமாணிக்கம் மறுபேச்சில்லாமல் கோட்டை மாட்டினார். விரலை மட்டும் தொடவில்லை. கோட்டுக்குள்ளிருந்து பால் வெட்டுகிறவள் விரல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அந்த விரலு வளைஞ்சில்ல இருக்கும், ஐயா" என்றார் மாயாண்டிக் கிழவர். தோட்டத்துக் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் முறை சொல்கிறவர். கண் மட்டும் இன்னும் நன்றாகத் தெரியும்.

"அது கலை மாமா. உள்ளத உள்ளபடியே போட்டா போட்டோ" என்றார் கிராணி.

மாரியம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அந்த ஊர்ப் பேரைத் தவிர, காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் மையைப் பற்றித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் கைய போட்டுருங்கய்யா" என்றாள். "தாள்ல. எப்பவும் இருக்கிற எடத்துல."

"பாத்தீங்களா!" கிராணிக்குக் கண் கலங்கியே விட்டது. "புருஷன் சாவுலயும் அந்தம்மாவுக்கு என் கை வேணுமாம். நல்லசாமி, குறிச்சிக்க."

நல்லசாமி குறித்துக்கொள்ளவில்லை. மெழுகுத்தாள் எங்கே என்று கேட்டார். ஆபீசில் ஸ்டென்சில் தீர்ந்துபோய்விட்டது. பியூன் வீட்டுக்கு எடுத்துவந்தது ஒன்றிரண்டு இருக்கும். கோப்பியோடு திரும்பிய ராக்கம்மா உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய இரண்டு தாளை எடுத்துவந்தாள். ஒன்று புதிது. மற்றதில் எழுத்து ஒன்றும் இல்லை. வலது அடி மூலையில் கை மட்டும் இருந்தது. இராஜமாணிக்கம் அப்படித்தான். முதலில் கையை வரைந்துவிட்டு, பிறகு அதற்கு மேலே உலகத்தில் நடப்பதற்கெல்லாம் இடம் விடுவார். நேற்றுச் சாயங்காலம் கண்ணாடித்துண்டின் மேல் வைத்துக் கீறியது. பதினோரு வருஷமாக மாரியம்மா கையை நீட்டவேண்டிய அவசியமே இருந்ததில்லை, அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் நேற்று, "கொஞ்சம் நீட்டு, மறந்துபோச்சு" என்றார். மறக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

"ஆஹா, தயாராவே இருக்கு" என்றார் கிராணி. "தெய்வச் செயல்."

"நிறுத்துங்க" என்றார் மாயாண்டி. "இன்னிக்கு என்னா கெழம?"

சனிக்கிழமை என்பது காலையிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடையில் கட்டுவதற்கு மாரியம்மா வீட்டுக் கூண்டிலிருந்து ஒரு சேவலைப் பிடித்துக் காலைக் கட்டி வேலியோரம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைப் பிணம் துணைக்கு ஒரு ஆளைத் தேடும் என்பதால், ஆளுக்குப் பதில் அது.

"சனிக்கெழமச் சாவுக்குத் தொடர்ச்சின்னு எழுதி, கையவும் காட்டி, வூட்டுக்கு வூடு குடுக்கப் போறீங்களா? நல்லா இருக்குலா! எமனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கிராணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மாமா, அதெல்லாம் மூடநம்பிக்க. போன மாசந்தானே இத எதுத்துத் தலையங்கம் எழுதுனேன்?"

"முத பக்கந்தான் படிச்சேன்."

"சரி, தொடர்ச்சின்னு வேணாம். மறுபக்கம் பாக்கன்னு போடுவோம்."

"சாவுக்கு மறுபக்கம் வேறயா?"

"இங்கிலீஷ்ல பி.டி.ஓ.ன்னு போட்டுட்டா?" என்றார் நல்லசாமி. "எமனுக்கு இங்கிலீஷ் தெரியாதுலா."

"ஏன், வெள்ளக்காரன் சாவறதில்லியா?"

"மலாய்ல போடுவோம்."

"எழுபத்தேழுல டிரைவர் காசிம் செத்தப்ப யாரு வந்து கூட்டிட்டுப் போனா?"

ஆக மூன்று மொழியும் தோற்றன. எழுத்தே வேண்டாம், விரல் மட்டும் இருக்கட்டும் என்று கிராணி இறங்கி வந்தார். தம் விரலை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. மாயாண்டி மெழுகுத்தாளை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "தாள இப்படிப் பிடிச்சா விரலு வலது பக்கம் காட்டுதா? அங்க யாரு ஒக்காந்திருக்கா?"

வலது பக்கம் நல்லசாமி மண்டோர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து கிழவருக்கு இடது பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு செயலாளர் ஆதரவும் விரலுக்கு இல்லாமல் போனது.

"முடியற எடத்துல முற்றும்னு போட்டுருங்க" என்று மாயாண்டி தீர்ப்புச் சொன்னார். "முத பக்கத்துலயே. சாவு அதோட முடிஞ்சிரும்."

"ரெண்டாம் பக்கம்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரு வேணாங்கறா? ஆனா முற்றும் முன்னாடி இருக்கணும்."

கிராணி யோசித்தார். நான் எழுதியதை ஜனங்கள் திருப்பிப் பார்க்காமல் இருப்பார்களா? எந்த மாதம் இருந்தார்கள்? "சரி" என்றார். பிணத்தை வைத்துக்கொண்டு, ஐந்து பேர் கையுயர்த்தி, தீர்மானம் நிறைவேறியது.

நல்லசாமி சிவப்புத் திரவப் புட்டியைத் திறந்தார். ஸ்டென்சிலில் தப்பாகக் கீறியதை அடைக்கிற மருந்து அது. நகச்சாயம் மாதிரி வாசனை. சின்னத் தூரிகையால் கோட்டுக் கையை முதலில் பூசினார். பொத்தான் போனது. மணிக்கட்டு போனது. மடக்கிய விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து மறைந்தன.

"அந்தக் கை..." என்றாள் மாரியம்மா.

தூரிகை நின்றது. "என்னாம்மா?" என்றார் கிராணி.

முன்வாசலில் இருபது ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். சொல்ல ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் அவர்கள் பார்வை எங்கே இறங்கும் என்றும் அவளுக்குத் தெரியும். ஒருவன் சிரிப்பான். ஒருவன் பெஞ்சில் கிடக்கிறவரைப் பார்த்து, இதுதானா உம்ம வித்தை என்பான். கிராணி நம்பமாட்டார், எழுதப்படிக்கத் தெரியாதவள் எழுத்தில் பங்கு கேட்கிறாள் என்பார். இத்தனைக்கும் மேலே புருஷன் செய்த சத்தியம் ஒன்று இருந்தது. அவள் கை தானாக முந்தானைக்குள் போயிற்று.

"ஒண்ணுமில்லிங்க."

நல்லசாமி நீட்டிய விரலையும் பூசினார். புட்டியில் மருந்து தீரும் தறுவாயில் இருந்தது. கடைசியில் தூரிகை வறண்டு இழுபட்டது. தாளை ஊதி உலர்த்திக்கொண்டு போனார். மாரியம்மா உள்ளே வந்து, கட்டைவிரல் மையை விட்டுவிட்டு, வேட்டியை எடுத்து வைத்தாள்.

தம்பினிலிருந்து இராஜமாணிக்கத்தின் தம்பி சந்திரன் இரண்டு பஸ் மாறி வந்துசேர மத்தியானம் ஆயிற்று. அண்ணன் முகத்தைப் பார்த்து அழுதான், அழுது முடித்து, "நெஞ்சு வலின்னு சொல்லவே இல்லியா அண்ணி?" என்று கேட்டான்.

"சொல்லல. நேத்து சோறு திங்கிறப்ப பாதியில எதையோ சொல்ல வந்தாரு. என்னான்னு கேட்டேன். அப்பறம் சொல்றேன்னாரு."

"எப்பவும் அப்படித்தானே அண்ணனுக்கு. பாதியில நிறுத்திக்கும்" என்றான் சந்திரன். சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

மூன்றரைக்கு இரங்கல் இதழ் வந்தது. நல்லசாமி மண்டோர் முப்பது வருஷம் மரத்தில் வெட்டுக்கோடு போட்டவர். மெழுகுத்தாளையும் மரம் என்றே நினைத்துக் கீறியிருந்தார். ஓவன்னா எல்லாம் ஓட்டையாகி, தாளில் மை உருண்டை உருண்டையாக வழிந்திருந்தது. எங்கே வெட்டுவது என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை. தாள் எங்கே தீர்ந்ததோ அங்கே நிறுத்தியிருந்தார். ஆக முதல் பக்கத்தின் கடைசி வரிகள் இப்படி இருந்தன:

அமரர் தம் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம்
முற்றும்

அதற்குப் பக்கத்தில், மூலையில், கொக்கி மாதிரி சின்னதாக ஒரு கறுப்புக் கீறல். மை சிந்தியது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கிராணி பாடைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் படித்தார்கள். முற்றும் வரை வந்தார்கள். தலையை ஆட்டி, உச்சுக்கொட்டி, தாளை நாலாக மடித்து விசிறிக்கொண்டார்கள். ஒருவர் வெற்றிலை மடித்தார். சந்திரன் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஒரு ஆள்கூடத் திருப்பவில்லை. கிராணி தம் பிரதியை எல்லோருக்கும் கேட்கும்படி சடசடவென்று திருப்பிக் காட்டினார். பக்கத்திலிருந்தவர் புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து விசிறினார். மறுபக்கமும் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம்; ஆனால் மாயாண்டி இரண்டடி தூரத்தில் நின்றார்.

"அமரர் அவர்களைப் பற்றி நான் ரெண்டு வார்த்த..." என்று கிராணி தொடங்கினார்.

கிழக்கே கித்தாமரங்களுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழ வருது, தூக்கு" என்றார் மாயாண்டி.

தூக்கினார்கள். பாடையின் கால்மாட்டில் சேவல் ஒருமுறை சிறகடித்தது. தப்பு மேளச் சத்தம் செம்மண் சடக்கைத் தாண்டி, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டாயைத் தாண்டி, மரங்களுக்குள் போய்ச் சின்னதாயிற்று. பெண்கள் லயத்து முனைவரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். மாரியம்மாவைக் குளிக்கவைத்து, முன்வாசலில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள்.

பாயில் ஒரு தாள் கிடந்தது. காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்த ராக்கம்மா அதை இழுத்து மடியோரம் வைத்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் பாலொளியைப் பதினோரு வருஷமாக ஒரு வரி விடாமல் வாசித்தவள்.

"படிக்கவா மாரி?"

மாரியம்மா தலையசைத்தாள்.

ராக்கம்மா படித்தாள். அமரர் என்பதற்கு இரண்டு முறை மூச்சு வாங்கினாள். தம்பினில் பிறந்தார். பகாவுக்கு வந்தார். பண்பிலே இமயம், பணிவிலே பசு. "பசுவா?" என்றாள் மாரியம்மா. "அப்படித்தான் போட்டிருக்கு." மேலே படித்தாள். "அமரர் தம் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம்... முற்றும்." தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "என்னாடி இது? என்னா காரியம்னு சொல்லாமலே முடிச்சிட்டானுங்க."

பெருங்காற்று ஒன்று வந்து தாள் அவள் கையிலிருந்து நழுவியது. பாயை விட்டுப் போவதற்குள் மாரியம்மா விரலால் அழுத்திப் பிடித்தாள். வலது அடி மூலையில், அந்தக் கறுப்புக் கீறலின் மேல்.

ராக்கம்மா தாளைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக மாதம் ஒருமுறை அந்த மூலையைப் பார்த்ததும் அவள் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. தாளின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பியது.

பாதி திருப்பியவள் அப்படியே நின்றாள். திருப்பிய பக்கத்தின் முதல் வரி கண்ணெதிரே இருந்தது. அடியேனின் விரலைப் பார்த்து. உதடு அசையாமல் இரண்டு முறை படித்தாள். பிறகு பாயின் மேல் தனியாக நின்ற அந்த விரலைப் பார்த்தாள். முதல் கணுவில் வளைந்து, மரங்கள் இருந்த பக்கம் நீண்டிருந்தது.

தாளைப் பழையபடி முன்பக்கம் திருப்பி, பாயில் வைத்து, மூலையை மெல்ல அந்த விரலுக்கு அடியில் தள்ளினாள்.

முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. கொடியில் கிடந்த இராஜமாணிக்கத்தின் ஆபீஸ் சட்டையை எடுக்க ஒருத்தி ஓடினாள். மயானத்துக்குப் போன ஆண்களில் முதல் இரண்டு பேர், தலைக்கு மேலே இரங்கல் இதழை விரித்துப் பிடித்தபடி, சடக்கில் வந்துகொண்டிருந்தார்கள்.

மாரியம்மா விரலை எடுக்கவில்லை.